பொன்னிக்குப் பொறந்த வீடு

தம்பி, கடைத்தெருவுல பொன்னி மூட்டை வாங்கித் தோள்ல வச்சுக்கிட்டு வர்ற மிடுக்கைப் பாத்தா, தஞ்சாவூரே உங்கூட நடந்து வர்றதா நெனைப்பு போல. பத்து கிலோ 26 வெள்ளிக்கு விக்கிற உள்ளூர் அரிசி நம்ம வாய்க்கு ஒத்துவராதுன்னு சொன்னியாமே? சரிதான், நம்ம வாய் ராசபரம்பரை வாய்.

அந்தப் பொன்னியோட சாதகத்தையும் கொஞ்சம் கேட்டுக்க. பினாங்குத் தீவுலேருந்து பெர்ரி ஏறி அந்தாண்ட எறங்கினா செபராங் பிறை. அங்க பும்போங் லீமாவுல ஜப்பான்காரங்க உக்காந்து பொறுக்கி எடுத்து 1965-ல வெளிய விட்ட நெல்லு மசூரி. ஒரு பக்கம் மலாய் நெல்லு மாயாங் எபோஸ், இன்னொரு பக்கம் தைவானோட தைச்சுங் 65. கல்யாணம் நடந்தது ஒடிசாவுல, கட்டாக்குல. மலாய் நெல்லு பகல் குறுகினாத்தான் பூக்கும், வருசத்துக்கு ஒரு போகம். மசூரிக்கு அந்த வீம்பு இல்ல, ரெண்டாம் போகத்துக்கும் ஆகும்.

இந்தியாவுக்குப் போன மசூரியை, உசரம் சாஸ்தி, காத்தடிச்சா சாஞ்சிடும்னு படிச்சவங்க ஒதுக்கிட்டாங்க. உழவன் கேக்கலையே! கைமாத்தி கைமாத்தியே பரப்பிட்டான். அது தமிழ்நாட்டுல எடுத்த பேருதான் உன் பொன்னி. 1986-ல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதைத் திருத்தி வெள்ளைப் பொன்னியாக்குச்சு. உன் அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்க மட்டும் ஊரு, சாதி, கோத்திரம் எல்லாம் கேளு. சோத்துத் தட்டுல கேட்டுடாத.

ஆந்திராவுல மசூரிக்குப் பொறந்தது ஸ்வர்ணா. ஒடிசாவுல வெள்ளத்துல கெடந்து பழகின ஒரு நாட்டு நெல்லோட குணத்தை அதுல ஏத்தி, 2009-ல ஸ்வர்ணா சப்1-னு விட்டாங்க. ரெண்டு வாரம் முழுகிக் கெடந்தாலும் தண்ணி வடிஞ்சதும் துளுக்கும். யாரும் சீந்தாத நெல்லு கொடுத்த சீதனம் அது. செபராங் பிறையில மார்டி வேளாண் ஆராய்ச்சிக்காரங்க பத்தாயிரத்துக்கு மேல வெதை வகையைக் குளிர்ல வச்சிருக்காங்களே, வீண் செலவுன்னு அதுக்கும் ஒரு மனு எழுதிப் போடேன்.

2023 சூலையில இந்தியா பாஸ்மதி தவிர்த்த பச்சரிசியை வெளிய விடமாட்டேன்னுச்சு, அடுத்த மாசம் புழுங்கலுக்கு 20 சதவீதம் வரி போட்டுச்சு. அப்ப நம்ம ஒத்துவராத உள்ளூர் அரிசிக்கு நீயுந்தானே கடை கடையா அலைஞ்ச?

லீவுல மோட்டாரை எடுத்துக்கிட்டு பும்போங் லீமாவை ஒட்டின கெப்பாளா பத்தாஸ் வயப்பக்கம் போ. பூர்வீகத்தைப் பாக்க வந்தேன்னு சொல்லு. பொன்னின்னா முழிப்பாங்க, மசூரின்னு கேளு, பெருசுங்க கைகாட்டும்.