திருகு ஏன் கழல்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காட்டுப்பன்றிக்கு எதிராக ஊராட்சி ஆணையுடன் எடுத்த துப்பாக்கியில், தொலைநோக்கியின் திருகுகள் சில வேட்டுகளிலேயே ஆடத் தொடங்குகின்றன. கை வலிக்க முறுக்கியும் பயனில்லையே, பலம் குறைவா, திருகுக்கு ரோஷம் குறைவா? (மறையூர் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபின் இக்கேள்விக்குத் தேவை கூடியிருப்பதால், விடை விரிவாகவே தரப்படுகிறது. திருகை முறுக்கும்போது அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது, மரை அதற்கு வழி மட்டுமே. வேட்டின் பின்னுதைப்பில் பாகங்கள் பக்கவாட்டில் சிறிதே நழுவினாலும், மரையின் உராய்வுப் பிடி அக்கணத்தில் தளர, சாய்தளமான மரையின் வழியே திருகு பின்னோக்கிச் சுழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் ஜுங்கர் 1969இல் சோதனை எந்திரத்தின் துணையோடு நிறுவினார். கையின் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறுகிறது. எஞ்சியதை திருகுத்தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வே விழுங்கிவிடுவதால், அழுக்கும் துருவும் படிந்த மரையில் கை வலிக்குமே தவிர பிடி கூடாது. தொலைநோக்கி வளையத்தின் சிறு திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அதை மீறினால் திருகு நிலையாக நீண்டுவிடும் அல்லது குழாய் நசுங்கும். ஆகவே தயாரிப்பாளர் குறித்த அளவை முறுக்கு அளவிடும் ஸ்பேனரால் வைப்பதே சரி.

கேள்வி: ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்களே?

பதில்: இறுக்கியவுடன் அது தட்டையாகி, சாதாரண வாஷராகவே நடந்துகொள்கிறது, நாசா 1990இல் வெளியிட்ட இணைப்பாணி வடிவமைப்புக் கையேடும் கழலாமல் காக்கும் வேலைக்கு அது பயனற்றது என்றே முடிவு கூறுகிறது. பழக்கத்தால் நிலைபெற்ற இந்த நம்பிக்கையை விட்டொழிப்பது நல்லது.

கேள்வி: வீட்டில் இருக்கும் நகச்சாயம் திருகுக்கும் அழகு சேர்க்குமா?

பதில்: அழகோடு தகவலும் சேர்க்கும். திருகுத்தலையிலிருந்து பக்கத்து உலோகத்துக்கு ஒரு கோடு இழுத்தால், அக்கோடு பிளவுபடும் நாளில் திருகு அசைந்தது தெரிந்துவிடும்; ஆனால் பிடித்து வைக்கும் வலிமையை அதனிடம் நம்பக் கூடாது. அதற்கென்றே உள்ளது, அமெரிக்க வேதியியலாளர் வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய மரைப்பசை. காற்றில்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டால் மட்டும் இறுகும் தன்மையால், அது குப்பியில் நீர்மமாகவும் மரைக்குள் திடமாகவும் இருக்கிறது. எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்து ஒரே ஒரு துளி இட்டு, முழுவதும் இறுக 24 மணி நேரம் விட வேண்டும். நீல வகையைக் கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பு வகையைக் கழற்ற 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டியிருப்பதால், கண்ணாடி வில்லைகள் உள்ள தொலைநோக்கிக்கு அது ஆகாது.

கேள்வி: கரும்பாலை எந்திரத்தின் நட்டுகளும் இதே தொல்லை தருகின்றனவே?

பதில்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்குச் சாறு பிழியும் எந்திரத்திலும் இயங்கும் விதி அதுவே. அங்கே இரட்டை நட்டு முறை உதவும். மெல்லிய நட்டை அடியிலும் தடித்த நட்டை மேலேயும் வைத்து, அடிநட்டை அசையாது பிடித்துக்கொண்டு மேல்நட்டை இறுக்க வேண்டும். பல இடங்களில் தலைகீழாகவே போடுகிறார்கள். எந்திரத்தை நிறுத்திய பின்பும், துப்பாக்கியானால் தோட்டாவை அகற்றி அறை காலி என்று உறுதி செய்த பின்பும் மட்டுமே வாசகர்கள் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.