கப்பலில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற வினாவுக்கு விடை

சிங்கப்பூரிலிருந்து, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் தாயாரின் பார்வைக்கு. இவ்விடம் மகன், மருமகள், பேரன் மூவரும் நலம்.

உல்லாசக் கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஆளைக் கொண்டுசேர்ப்பதற்காக அல்லாமல், ஏறிய துறைமுகத்திலேயே ஆளைத் திரும்ப இறக்கிவிடுவதற்காக ஓடும் கப்பல். இடைப்பட்ட நாட்களில் அது செய்யும் தலையாய தொழில் சோறு போடுவது. இவ்வரையறை மிகையன்று என்பதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பரில் இங்குக் கப்பல் பயணம் மறுபடி தொடங்கியபோது, எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்கள்தாம் முதலில் அனுமதிக்கப்பட்டன. போவதற்கு ஊரே இல்லாத அக்கப்பல்களிலும் மக்கள் காசு கொடுத்து ஏறினர், ஏனெனில் ஊர் இல்லாவிட்டாலும் பந்தி இருந்தது. உல்லாசக் கப்பல் பயணத்தைத் தொழிலாக வளர்த்தவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படுபவர் ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டு பொறுக்காத அவர், 1891 சனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். சும்மா இருப்பவரைக் கண்டால் உடனே ஒரு வேலை ஏவும் குணம் தாயாருக்கு மட்டுமே உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

கப்பலின் நீளம், அடுக்குகளின் எண்ணிக்கை, கடலின் நிறம் ஆகியவற்றைப் பற்றித் தாயாரின் கடிதத்தில் வினா எதுவும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற ஒரே வினாதான் இருந்தது. அதற்கான விடை, தமிழாசிரியையாக முப்பது ஆண்டு பணிபுரிந்த தாயார், முன்பு ஒரு கடிதத்தில் தன்மைச் சொற்களை எல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதை மனத்திற்கொண்டு, படர்க்கையிலேயே வரையப்படுகிறது.

மகனின் பாட்டனார், இந்த உல்லாசக் கப்பல் ஓடிய அதே மலாக்கா நீரிணையை ‘ரஜுலா’ என்ற கப்பலில் கடந்தவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அக்கப்பலில் பெரும்பாலோர் தளப் பயணிகள். அதாவது அறை இல்லாமல், கப்பலின் தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து வந்தவர்கள். கட்டுச்சோற்று மூட்டை நாகப்பட்டினத்துக்கு அப்பால் எத்தனை வேளை தாங்கியது என்பதில் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. அப்பாட்டனாரின் பேரனான மகனுக்கோ மூட்டை கட்டும் வேலை இல்லை. பதினான்காம் அடுக்குக்கு ஏறிச்செல்லும் வேலை மட்டுமே இருந்தது.

மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு ஊர்களைத் தொட்டுத் திரும்பிய நான்கு இரவுப் பயணத்தில் காலைகள் நான்கு. முதற் காலை கடலில் விடிந்தது. மேலடுக்கில் உள்ள பெருங்கூடத்தில் ‘பஃபே’ என்னும் முறைப்படி, அதாவது உண்பவரே தட்டை ஏந்திக் கொண்டு போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறைப்படி, உணவு வைக்கப்பட்டிருந்தது. வாயிலிலேயே கை கழுவும் தொட்டிகளும், கழுவுங்கள் கழுவுங்கள் என்று பாட்டாகவே பாடும் ஓர் ஊழியரும் இருந்தனர். நோரோ வைரசு என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலுக்குள் புகுந்தால் வேகமாகப் பரவும் என்பதும், கையில் தேய்க்கும் சாராயக் களிம்பைவிடச் சோப்பும் தண்ணீருமே அதற்கு நல்ல மருந்து என்பதும் இந்தப் பாட்டின் உட்பொருள். தாயார் நாற்பது ஆண்டாகக் கொல்லைப்புறத்தைக் காட்டிச் சொல்லிவந்த அதே செய்தி, இங்கே இசையமைத்துச் சொல்லப்படுகிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் செய்யவேண்டியது உணவை எடுப்பதன்று, இடம் பிடிப்பது. கடலைப் பார்த்த சன்னலோர மேசைகளில் தொப்பி, புத்தகம், கறுப்புக் கண்ணாடி முதலியன ஆளில்லாமல் அமர்ந்திருந்தன. மன்னார்குடிப் பேருந்தின் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலை உலகப் பொதுக்கலை என்பதில் இனி ஐயமில்லை. மருமகள் துப்பட்டாவைப் போட்டார்.

முட்டையில் தொடங்கலாம். பெரிய தட்டத்தில் மஞ்சள் மேகம்போலக் குவிந்திருக்கும் முட்டைப் பொரியல், பெரிய கப்பல்களில் வழக்கமாகக் கிருமி நீக்கிய திரவ முட்டையிலிருந்து செய்யப்படுவது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒவ்வொரு முட்டையாக உடைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஏற்பட்ட இவ்வழக்கம் வயிற்றுக்குக் காவல், நாக்குக்குத் தண்டனை. ஆகவே கண்ணெதிரே ஆம்லெட் போட்டுத் தரும் மேடையின் முன் நீண்ட வரிசை நிற்கிறது. ஐந்து வாணலிகளை ஒரே நேரத்தில் ஆட்டிக்கொண்டிருந்தவர், மகன் ஆங்கிலத்தில் பச்சை மிளகாய் கேட்ட தொனியைக் கொண்டே ஊரைக் கணித்து, “தஞ்சாவூர்ப் பக்கமா சார்?” என்று தமிழில் கேட்டார். தூத்துக்குடிக்காரர், எட்டு மாத ஒப்பந்தம், வார விடுமுறை கிடையாது, ஆறாவது மாதம் நடக்கிறது. ஊழியர்களுக்கென்று தனியே உள்ள உணவுக்கூடத்தில் இந்தியர், பிலிப்பினோக்கள், இந்தோனேசியர் ஆகியோருக்காக மூன்று வேளையும் சோறு உண்டு என்றும், அங்கே வைக்கும் மீன் குழம்பு மேலே வரவே வராது என்றும் அவர் தாழ்ந்த குரலில் தெரிவித்தார். அந்த ஒரு நொடியில், கட்டணம் கட்டி மேலே இருப்பவர் நற்பேறு பெற்றவரா, கீழே இருப்பவரா என்ற கேள்வி எழுந்தது. ஆம்லெட் வந்துவிட்டதால் விடை காணப்படவில்லை.

இட்லியும் இருந்தது. இந்தியப் பயணிகள் மிகுதியாக ஏறும் துறைமுகம் என்பதால் இட்லி, உப்புமா, உருளைக்கிழங்கு பராத்தா ஆகியவற்றுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஆயினும் மூடியிட்ட சூட்டுத் தட்டில் மணிக்கணக்காக ஆவியில் இருக்கும் இட்லி வியர்த்து விடுகிறது. சாம்பாரில் போடப்பட்டிருந்த சர்க்கரையைப் பற்றி எழுதினால் தாயாரின் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால் அதை விடுத்து மேலே செல்வது நலம். அடுத்திருந்தது ‘பிர்ச்சர் மியூசிலி’. 1900ஆம் ஆண்டையொட்டிச் சூரிச் நகர மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் தம் நோயாளிகளுக்காக வகுத்த இவ்வுணவில் ஊறவைத்த ஓட்ஸ், துருவிய ஆப்பிள், பருப்புக் கொட்டைகள், எலுமிச்சைச் சாறு ஆகியன சேரும். இரண்டு கரண்டி தின்ற மருமகள், இது மாமியார் கிருஷ்ண ஜயந்திக்கு ஊறவைக்கும் அவலே, வெல்லத்தை மட்டும் மறந்துவிட்டார்கள் என்று தீர்ப்பு வழங்கினார். பேரன் இவை எவற்றையும் ஆராயாமல், கட்டம் கட்டமாக வார்க்கப்படும் ‘வாஃபிள்’ என்ற அப்பத்தின் மீது ஐஸ்கிரீம் இயந்திரத்தின் பிடியை இழுத்தான். காலை ஏழரை மணிக்கு ஐஸ்கிரீம் தின்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் சர்வதேசக் கடற்பரப்பில் இல்லை என்பது அவன் வாதம்.

குடிப்பவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் கப்பல்காரர் உணவில் விட்டதைப் பானத்தில்தான் பிடிக்கிறார். குழாயில் வரும் காபி, தேநீர், தண்ணீர், இயந்திரத்தில் சுரக்கும் பழச்சாறு ஆகியவை கட்டணத்தில் அடக்கம். அழுத்தத்தில் பிழிந்தெடுக்கும் எஸ்பிரசோ வகைக் காபிக்கும், கண்முன் பிழிந்துதரும் ஆரஞ்சுச் சாற்றுக்கும் தனிக் காசு. கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியான அட்டையே பணப்பையுமாவதால், அதை நீட்டும்போது காசு போகும் வலி தெரிவதில்லை, கடைசி இரவு கணக்குத் தாள் வரும்போதுதான் மொத்தமாகத் தெரிகிறது. பேரன் குடித்த ஆரஞ்சுச் சாறு பதினொன்று.

இலவசக் காபியை இரண்டாம் டிகாஷனுக்கும் மூன்றாம் டிகாஷனுக்கும் இடைப்பட்டது என்று வகைப்படுத்தலாம். அது கடல்நீரில் போட்ட காபி என்றால் தாயார் நம்பமாட்டார், ஆனால் உண்மை. காற்றழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் நூறு பாகைக்குக் கீழேயே கொதிக்கும் என்பதைப் பயன்படுத்தி, எஞ்சினின் கழிவுச் சூட்டிலேயே கடல்நீரை ஆவியாக்கி நன்னீராக்கும் கலங்கள் இத்தகைய கப்பல்களில் உண்டு. நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையும் உண்டு. அப்படிக் கிடைக்கும் நீரில் தாதுக்களும் குளோரினும் சேர்த்துக் குழாயில் விடுகிறார்கள். இலவசக் காபிக்கு மாற்றாக ஆசிய உணவுப் பகுதியில் ‘கோப்பி’ கிடைத்தது. சர்க்கரையும் மார்கரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த ரொபஸ்டா கொட்டையைப் பொடித்து, நீண்ட துணிப்பையில் வடித்து, தகரடப்பாப் பாலை ஊற்றித் தருவது சிங்கப்பூர், மலேசியக் கோப்பி. கும்பகோணத்துக்கு அது ஈடன்று. என்றாலும் தூங்கும் ஆளை எழுப்பும் கடமையைச் செய்கிறது. அதனோடு வரும் ‘காயா’ ரொட்டி, அதாவது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய பசை தடவிய வாட்டிய ரொட்டி, பிரிட்டிஷ் கப்பல்களில் சமையல்காரராக இருந்த ஹைனான் தீவுச் சீனர் கரையில் இறங்கிக் கடை வைத்தபோது பரப்பியது என்பர். கப்பலிலிருந்து இறங்கிய ரொட்டி இப்போது மறுபடி கப்பலேறியிருக்கிறது.

இரண்டாம் காலை புக்கெட். தாய்லாந்தின் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலோ தன் சிங்கப்பூர் நேரத்தை மாற்றவில்லை. மகனின் கைப்பேசி மட்டும் கரையைக் கண்டதும் தாய்லாந்துக்குக் கட்சி மாறிவிட்டது. ஒன்பது மணி என்று நிதானமாக ஏறிப்போன குடும்பத்துக்கு அங்கே பத்து மணி ஆகியிருந்தது. தட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. யாரும் தொடாத மூலையில், சீனர் ‘ஜூக்’ என்றும் மலாய்க்காரர் ‘புபூர்’ என்றும் வழங்கும் அரிசிக் கஞ்சி மட்டும் அண்டாவின் அடியில் சூடாக நின்றது. மேலே எழுதியிருந்த ஆங்கிலப் பெயர் ‘காஞ்சி’ என்பதாகும். அது தமிழ்க் ‘கஞ்சி’யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்று அகராதிகள் கூறும். காய்ச்சல் வந்த நாளன்றிக் கஞ்சி குடிக்க மறுத்தவன் என்று ஊரில் பெயரெடுத்த மகன், அன்று மூன்று கிண்ணம் குடித்தான். தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலையும், உப்பில் ஊறிய கடுகுக்கீரையும், ‘நூற்றாண்டு முட்டை’யும் இருந்தன. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, களிமண் ஆகியவற்றில் வாத்து முட்டையைச் சில வாரங்கள் மூடிவைத்தால் வெள்ளை பழுப்புநிற ஜெல்லியாகவும், மஞ்சள் கரும்பச்சையாகவும் மாறும். வாடையைப் பற்றிப் பேரன் கேட்ட கேள்வி எழுதத்தக்கதன்று.

மூன்றாம் காலை, கீழ்த்தளத்து உணவு மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் அமர்ந்து, பரிமாறுபவரிடம் சொல்லி வரவழைத்து உண்ணும் முறை. அதே மேசையில் இடம்பெற்ற ஆஸ்திரேலிய முதிய தம்பதியர், பட்டியலைத் திறக்காமலே ஆளுக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த உலர் பிளம் பழத்தை வரவழைத்தனர். வீட்டில் கடுக்காய்ப் பொடி ஆற்றும் தொண்டினையே மேல்நாட்டில் இப்பழம் ஆற்றுகிறது என்பதை முதியவர் மிக விரிவாக விளக்கினார். கடல் மயக்கத்துக்கென்று தாயார் கட்டிக்கொடுத்த இஞ்சி முரப்பா அம்மேசையில்தான் பயன்பட்டது. ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலாய்த் தீபகற்பமும் அணைத்திருப்பதால் நீரிணையில் கப்பல் ஆடவில்லை, யாருக்கும் கடல் மயக்கம் வரவில்லை. ஆனால் அளவுக்கு மீறி உண்ட வயிற்றுக்கும் முரப்பா நல்லது. முதியவர் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான்காம் காலை இறங்கும் அவசரத்தில் வாழைப்பழம் மட்டும்.

ஆகவே தாயாரின் வினாவுக்குச் சுருக்கமான விடை: முதல் நாள் எல்லாம், இரண்டாம் நாள் கஞ்சி, மூன்றாம் நாள் முரப்பா, நான்காம் நாள் பழம். கஞ்சிக்கு எல்லாம் இருந்தும் நார்த்தங்காய் இல்லை. அடுத்த பார்சலில் முரப்பாவைக் குறைத்து நார்த்தங்காய் ஊறுகாயைக் கூட்டி அனுப்புமாறும், சென்ற முறை ஒழுகிய எண்ணெய் பேரனின் கணக்கு நோட்டில் இன்னும் காயாமல் இருப்பதால் சீசாவை இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.