நிலத்துக்கும் கடலுக்கும் சுல்தான்

காசு என்றால் வட்டமாக இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. நான் சேகரிப்பதோ மாலத்தீவின் பழைய லாரின்கள். வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்துத் தட்டி, மேலே சுல்தான் பெயரை முத்திரை குத்தினால் லாரின் தயார். பாரசீகத்து லார் நகரில் தோன்றி, இந்துமாக்கடல் துறைமுகங்களெல்லாம் சுற்றிய காசு. "கொண்டை ஊசிக்கா இவ்வளவு விலை?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆல்பத்தின் பைகளிலும் அடங்காததால் இப்போது மாத்திரை டப்பாவில் குடியிருக்கிறது.

1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி, 1607 வரை அங்கேயே மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் இந்தக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு லாரினுக்கு 12,000 சோழி. அத்தனையையும் எண்ணி வாங்குகிற கடைக்காரர் மறுநாள்தான் அடுத்த வியாபாரத்தைப் பார்த்திருப்பார். அதைவிட அழகு, சில்லறை கொடுத்த விதம்: வெள்ளியை வேண்டிய அளவு வெட்டி நிறுத்துக் கொடுத்துவிடுவார்களாம். எத்தனை சுல்தான்கள் இப்படித் துண்டு துண்டாகச் சந்தைக்குப் போனார்களோ! நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வெட்டுப்படாமல் தப்பியதிலும் சிக்கல் உண்டு. முத்திரை அச்சு கம்பியைவிட அகலம். எழுத்தில் பாதி காசில் விழாது. என்னிடம் இருப்பதை விற்றவர் மாலத்தீவு என்றார். விவரமான நண்பர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பீஜப்பூர் என்றார். அவருக்குப் போட்டியான இன்னொரு நண்பர், சந்தேகமே வேண்டாம், இலங்கைதான் என்றார். பத்தர் மட்டும், "நல்ல வெள்ளி சார், ஒரு ஜோடி மெட்டிக்குக் காணும்" என்றார். நால்வரில் தராசைத் தொட்டவர் அவர் ஒருவரே.

17-ஆம் நூற்றாண்டிலேயே மாலத்தீவு வட்டக் காசுக்கு மாறிவிட்டது. அவற்றில் சுல்தானுக்கு 'நிலத்துக்கும் கடலுக்கும் அதிபதி' என்று பட்டம். நாட்டின் மொத்த நிலம் சுமார் 300 சதுர கிலோமீட்டர். ஆகவே கடலையும் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். பட்டம் குறையவில்லை, வெள்ளிதான் போகப் போகக் குறைந்து, கடைசியில் வெறும் செம்பாகிவிட்டது. சுல்தான்களின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நீங்களும் லாரின் வாங்கக் கிளம்பினால் ஒரு தராசு எடுத்துப் போங்கள். ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்க வேண்டும். அது எந்த ஊர்க் காசு என்ற சண்டையை வீட்டுக்கு வந்து நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.