கவசம் வாங்கிய வீரர்

ஊருக்கு ஒரு வீரர் உண்டு. திருவையாற்று வீரருக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. தொப்பை இருப்பது சட்டைப் பொத்தானுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 2022-ல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் பார்த்துவிட்டுத் தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே, இல்லாத வாளின் பிடியில் இடது கையை வைத்தபடி நடந்து வந்தவர் அவர்தான். இடித்துக்கொண்டு போனவரை முறைத்தார். போனவர் கவனிக்கவில்லை.

அப்புறம் கைபேசி மீதியைப் பார்த்துக்கொண்டது. ஐரோப்பாவில் 'புஹூர்ட்' என்றொரு விளையாட்டு இருக்கிறதாம். இடைக்கால வீரர்களைப் போல நிஜ எஃகுக் கவசம் போட்டு, மழுங்கிய வாளும் கோடரியுமாக ஐந்துக்கு ஐந்து பேர் மோதிக்கொள்கிறார்கள். அடிக்கலாம், தள்ளலாம், குத்தக் கூடாது. பாதம் தவிர வேறெந்த உறுப்பு தரையில் பட்டாலும் ஆள் அவுட். 2010-ல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் 'நாடுகளின் போர்' என்று இதற்குப் பெரிய போட்டியே நடந்தது. இவ்வளவையும் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்ட நம்மவர், காலையில் காபி வருவதற்குள் அப்பாவிடம் சொல்லி முடித்துவிட்டார்.

"கவசம் எவ்வளவு கனம்டா?"

"இருபத்தஞ்சு, முப்பது கிலோ வரும்பா."

அப்பா டெல்டா விவசாயி. மனசுக்குள் எடை போட்டார். "முக்கால் சிப்பம் நெல்லு. அதைச் சுமந்துகிட்டுப் போய் கொள்முதல் நிலையத்துல இறக்கினா கூலியாவது கிடைக்கும். நீ சுமந்துகிட்டுப் போய் அடி வாங்கப் போறியா?"

வீரர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

எஃகுக் கவசத்துக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி ஒன்று போட வேண்டும். அடியின் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். சித்திரை வெயிலில் தையல்காரரிடம் அளவு கொடுத்தார். "மெத்தையா சார்?" என்றார் அவர். "இல்லை, சட்டை" என்றதும் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "காய்ச்சல் எத்தனை நாளா?" என்று விசாரித்தார்.

அடுத்தது மார்புக் கவசம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சக்கணக்கில் ஆகும். பாத்திரத்துக்குப் பேர்போன கும்பகோணம் இருக்கும்போது கவலை எதற்கு? பட்டறையில் படத்தைக் காட்டினார். பட்டறைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"எத்தனை லிட்டர் பிடிக்கணும்?"

"ஆள் பிடிக்கணும்."

"அண்டாதானே? செஞ்சுடலாம். மூடி வேணுமா?"

மூடி என்று அவர் கேட்டது தலைக்கவசத்தை. அட்வான்ஸ் கொடுக்கப்பட்டது.

இடையில் சென்னை போனபோது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. கட்டாரி இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "எல்லாம் நம்ம ஊர்ச் சாமான்" என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி, "தொடாம பாருங்க" என்றார்.

எல்லாம் தயார். எதிரி மட்டும் இல்லை. திருவையாற்றில் புஹூர்ட் ஆட நாலு பேருக்கு எங்கே போவது? ஆராதனைக்கு ஊரே கூடுகிறது, பாடத்தான் கூடுகிறது. கடைசியில் யாரோ வழி சொன்னார்கள்: "சிலம்பத்துல சேருங்க."

கோடையில் சிலம்ப வகுப்பு காவிரி மணலில் நடக்கிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை ஆறுதான் மைதானம். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தபின் பிள்ளைகள் கூட்டம். நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, ஒரு பழைய டி-சர்ட், வெறுங்கால். அவ்வளவுதான் அவர்கள் சாமான். நடுவில் நம்மவர் வந்து இறங்கினார்: முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, பஞ்சு அங்கி, அதன்மேல் கும்பகோணம். வாத்தியார் மேலும் கீழும் பார்த்தார்.

"சார், கம்பு எங்கே?"

கம்பு வாங்க மறந்துபோயிருந்தது.

"பரவாயில்ல. கம்பு இப்ப வேணாம். காலை வைங்க."

சிலம்பத்தில் முதல் பாடம் காலடி. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, திரும்பு, மாறு. கம்பைச் சுற்றுவது கை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், ஆளைக் காப்பாற்றுவது கால். வாத்தியார் கவசத்துக்கு விரோதி இல்லை. போட்டியில் தொட்டுப் புள்ளி எடுக்கும் சண்டைக்குப் பிள்ளைகளும் தலைக்கவசம், மார்புக் காப்பு மாட்டித்தான் இறங்குகிறார்கள். ஆனால் அதெல்லாம் கால் படிந்த பிறகு. நம்மவருக்கு மூன்றாவது திருப்பத்தில் வலது கால் எது என்பதே சந்தேகமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பெண், "மாமா, என் காலைப் பாத்து வைங்க" என்றாள். மாமா குனிந்தார். கும்பகோணம் வயிற்றில் இடித்தது, காலே தெரியவில்லை.

இதற்கு முன் மிருதங்கத்திலும் இதேதான் நடந்தது. மிருதங்கம் வந்தது, பட்டு உறை வந்தது, உட்கார ஜமக்காளம் வந்தது, 'த தி தொம் நம்' மட்டும் வரவில்லை. இந்த ரகத்து மனிதருக்கு அடி வாங்கப் பயமே கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் நின்று, தெரியாது என்று சொல்வதற்குத்தான் பயம். அந்த அடியைத் தாங்கும் கவசத்தை எந்தப் பட்டறையிலும் அடித்துத் தர மாட்டார்கள். கடை கடையாக அவர் தேடுவதோ அதைத்தான்.

ஆனாலும் நம்மவரைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மறுநாளும் வந்தார், கையுறையோடு மட்டும். அடுத்த வாரம் அதுவும் இல்லை. இப்போது காலடி ஓரளவு படிந்திருக்கிறது, பொத்தானும் நிம்மதியாக இருக்கிறது. போன வாரம் இன்னொருவர் புதிதாகச் சேர வந்தார். கையில் ஆன்லைனில் எடுத்த முழங்கால் காப்பின் ரசீது. நம்மவர் அவரை ஓரமாக அழைத்துப்போய் மூத்த மாணவருக்குரிய கம்பீரத்தோடு சொன்னார்:

"தம்பி, சாமான் எல்லாம் அப்புறம். முதல்ல காலடியைப் பழகுங்க. அதுதான் கவசம்."

தம்பி பயபக்தியோடு தலையாட்டினார். நம்மவர் குரலைத் தாழ்த்தினார்:

"அப்படியும் வேணும்னா, என்கிட்ட ஒரு செட் இருக்கு. மூடியோட. பாத்துப் போட்டுக் குடுங்க."