சுறாவும் இறாவும்

எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை, கோழி, புறா நான்குக்கும் தடை உண்டு. மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாய்க்குட்டி கேட்டு மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்த மகளிடம் (மூன்று நாளும் பள்ளியில் தோழியின் டிபன் பாக்ஸைக் காலி செய்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது) இந்தச் சட்ட ஓட்டையை எடுத்துச் சொல்லி, 2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குக் கூட்டிப் போனேன்.

வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். வரிசையாகக் கடைகள், கடைக்குள் மாடி மாடியாகத் தொட்டிகள், வாசலில் காற்றடைத்துத் தொங்கும் பாலித்தீன் பைகள். மகள் ஒரு தொட்டியின் முன்னால் நின்றவள் நகரவில்லை. ஆள்காட்டி விரல் நீளத்தில், வெள்ளிக் கோடு போட்டு, எதையோ மறந்துவிட்டவை போல இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

“ஷார்க் சார். ஜோடி அறுபது ரூபா.”

என் வாழ்நாளிலேயே புத்திசாலித்தனமான கேள்வியை அப்போது கேட்டேன். “ரொம்பப் பெருசாயிடுமா?”

“அதெல்லாம் இல்ல சார். தொட்டி எவ்ளோவோ அவ்ளோதான் வளரும்.”

நம்பினேன். காரணம் இருந்தது. அறுநூற்றைம்பது சதுர அடி முதல் மாடியில் பதினோரு வருடமாகக் குடியிருப்பவன் நான். பீரோவுக்கு இடமில்லாததால் துணி வாங்குவதில்லை. அலமாரிக்கு இடமில்லாததால் புத்தகம் வாங்குவதில்லை. விருந்தாளிகளைக்கூட அகலம் பார்த்துத்தான் அழைக்கிறோம். தொட்டியளவுக்கு வளர்வது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டடித் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று, கூடவே ஆறு கப்பி மீன்கள். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருந்த மகள், ஒன்றுக்குச் சுறா என்றும் இன்னொன்றுக்கு இறா என்றும் பெயர் வைத்தாள். எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

முதல் வாரம் கப்பி ஆறு. இரண்டாம் மாதம் நாலு. அப்புறம் ஒன்று. அந்த ஒன்றும் ஒரு நாள் காலையில் இல்லை. தரையில் தேடினோம், தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். சுறாவும் இறாவும் மூலையில் ஒதுங்கி, விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தருபவர்கள் போல அமைதியாக நின்றன.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். முறுக்கு டப்பாவைக் கீழே வைக்கும் முன்பே தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

“ஏன்டா, கெளுத்தியை எதுக்குக் கண்ணாடிப் பொட்டியில போட்டு வச்சிருக்க?”

“கெளுத்தி இல்லம்மா. ஷார்க்.”

“மீசை இருக்கு. செதில் இல்ல. இது சுறான்னா நான் திமிங்கிலம்.”

காவிரியிலும் அரசலாற்றிலும் பிடித்த மீனை அறுபது வருடம் ஆய்ந்த கை. அதனுடன் வாதிடக் கூடாது என்று தெரிந்தும் வாதிட்டேன். அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோது அம்மா சொன்னது சரியாக இருந்தது. கடைக்காரர் ஷார்க் என்றது பங்காசியனோடான் ஹைப்போப்தால்மஸ் என்னும் கெளுத்தி இனம். சொந்த ஊர் மீகாங், சாவ் பிரயா ஆறுகள். அதிகபட்ச நீளம் 130 சென்டிமீட்டர், எடை 44 கிலோ. என் மனைவியின் எடையைச் சொல்லி ஒப்பிட நினைத்தேன்; வீட்டில் இன்னும் சாப்பிட வேண்டியிருப்பதால் விட்டுவிட்டேன்.

இதன் நெருங்கிய உறவுக்காரரான மீகாங் ராட்சதக் கெளுத்தி ஒன்று 2005-இல் வடக்குத் தாய்லாந்தில் பிடிபட்டிருக்கிறது. எடை 293 கிலோ. பெண் பார்க்கும்போது பெண்ணின் அம்மாவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள் என்பார்கள். மீன் வாங்கும்போது அந்தப் பார்வைக்கு வசதி இல்லை.

அதைவிடச் சங்கடமான செய்தி இன்னொன்று. கல்யாண ரிசப்ஷன்களில் நான் வரிசையில் இரண்டாம் முறை நின்று வாங்கும் ஃபிஷ் ஃபிங்கர், ஓட்டல்களில் ‘பாசா’ என்று மெனுவில் போடுகிறார்களே, அது பெரும்பாலும் இதே மீன்தான். வியட்நாமில் மீகாங் கழிமுகத்திலும் இங்கே ஆந்திராவிலும் குளம் குளமாக வளர்க்கிறார்கள். ஆனால் தன் சொந்த ஆற்றில் இது அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இப்படியும் ஒரு பிழைப்பு: பிறந்த ஊரில் ஆளில்லை, பஃபே வரிசையில் பஞ்சமில்லை, மீதி இரண்டு பேர் என் ஹாலில்.

தொட்டியளவுக்கு வளரும் என்ற பேச்சுக்கும் அன்றே விடை கிடைத்தது. சின்னத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தேங்கும், மீன் நோஞ்சானாகும், வளர்ச்சி நிற்கும், பல நேரம் உயிரும் நிற்கும். அதைத்தான் கடையில் அடக்கமான சுபாவம் என்று விற்கிறார்கள். நாங்களோ மகளின் கண்டிப்பில் வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினோம். அதனால் அவை வளர்ந்தன. நல்ல வளர்ப்புக்கு இப்படி ஒரு தண்டனை.

ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது குவளை கைநழுவித் தொட்டியில் மோதியது. சுறா கண்ணாடியில் நங்கென்று முட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, அடியில் போய் விழுந்தது. மகள் கத்தினாள். “வீட்டுக்கு வந்த கண்ணையெல்லாம் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு, அழாதடி” என்று அம்மா தேற்றினாள். நான் புதைக்க இடம் யோசித்தேன். முதல் மாடியில் மண் எங்கே இருக்கிறது? துளசி மாடத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். துளசி மாடத்தை விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துச் சுறா தானே எழுந்து, எதுவும் நடக்காதது போல நீந்தியது. பயந்தால் செத்தது போல் கிடப்பது இந்த இனத்தின் வழக்கமாம். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையன்று நானும் செய்திருக்கிறேன்.

வளர வளரத் தொட்டியும் மாறியது. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம். குதித்துவிடாமல் இருக்க மூடிமேல் அம்மிக் குழவி. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “இதுல எவ்ளோ தண்ணி பிடிக்கும்?” என்றார். முந்நூற்று நாற்பது லிட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரர். மனக்கணக்குப் போட்டுவிட்டு, “அப்போ அஞ்சு ஆள் ராத்திரி பகலா அந்த மூலையில நிக்கிறாங்க” என்றார். அன்றிலிருந்து அவர் கீழ்வீட்டுக் கூடத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பதாகக் கேள்வி.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் கவலையோடு தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவை நிதானமாக மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. காற்றுப் பையாலும் மூச்சுவிடத் தெரிந்த இனம். புழுக்கத்தில் விசிறி அட்டையோடு திணறிய நால்வரையும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாசல்படியில் நின்றபோது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. ஒரு பக்கெட் போதும், இருட்டு, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இப்படி யாரோ இருட்டில் நினைத்ததன் விளைவுதான் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்ற தென் அமெரிக்க மீன். தொட்டியின் பாசியைத் தின்ன வந்தது ஒன்றரையடிக்கு வளர்ந்து, வீட்டுக்காரர்களால் ஏரி குளங்களில் விடப்பட்டு, இப்போது மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஊரில் உள்ள கெளுத்திக்கும் விராலுக்கும் என்னால் ஒரு தொல்லை வேண்டாம் என்று மாடியேறிவிட்டேன்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். “இந்த சைஸ் நாங்க எடுக்கிறதில்ல சார். மார்க்கெட்ல கிலோ கணக்குல கேட்டுப் பாருங்க” என்றார், அந்தத் ‘தொட்டி எவ்ளோவோ’ வாயாலேயே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வந்த நாள் முதல் புளியும் மிளகும் மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா, சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“பேரு வச்ச மீனை எவனாவது தராசுல போடுவானா?” என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆக, இப்போது நாங்கள் வீடு தேடுகிறோம். தரைத்தளமாக. போகும் இடமெல்லாம் ஒரே உரையாடல்.

“நான்வெஜ்ஜா சார்?”

“மீன் இருக்கு.”

“சமைக்கக் கூடாது சார்.”

“சமைக்க மாட்டோம். அதுங்களும் நாங்களும் ஒண்ணாத்தான் இருக்கோம்.”

இதற்கு மேல் புரோக்கர்தான் சமாளிக்க வேண்டும். அவரும் மூன்றாவது வீட்டோடு களைத்துவிட்டார். “மொத்தம் எத்தனை பேர்னு மட்டும் தெளிவாச் சொல்லுங்க சார்” என்றார். பெரியவர் மூன்று, குழந்தை ஒன்று, கெளுத்தி இரண்டு என்று மகள் சொன்னாள்.

போன ஞாயிறு புழல் பக்கம் ஒரு பழைய வீடு பார்த்தோம். வாடகை நாலாயிரம் அதிகம். சமையலறை சின்னது, கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். மனைவி முகத்தைச் சுளித்தாள். அம்மா எதையும் பார்க்காமல் நேராகக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அங்கே, அடிகுழாய்க் காலத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்று, காய்ந்து கிடந்தது. எட்டடி இருக்கும். வீட்டுக்காரர் ஓடி வந்து, “அது இடிக்கிறதுக்குத்தாம்மா இருக்கு, உங்களுக்குத் தொந்தரவா இருக்காது” என்றார்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து ஆழத்தை அளந்தாள்.

“இதை இடிக்காதீங்க தம்பி,” என்றாள். “இன்னும் ரெண்டு வரிசை செங்கல் வச்சுக் குடுத்தா நாளைக்கே அட்வான்ஸ் தர்றோம்.”