ஊசி போட்ட கோழியும் எங்க மாப்பிள்ளையும்

ஏனுங் மாப்பிள்ளை, பல்லடத்துக் கோழி லாரி வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி உங்க கேரளாவுக்குள்ள வந்தாலே வயித்தைப் பிடிச்சுக்கறீங்களாமே? அத்தனையும் ஹார்மோன் ஊசி போட்டதுன்னு வெசனமாக்கும்!

நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படி வரும்னு கேக்கறீங்க. வித்து அப்படி, தீவனம் அப்படி. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஷெட்டுல ஆயிரக்கணக்குல நிக்கற குஞ்சுகளை ஒவ்வொண்ணாப் பிடிச்சுக் குத்த ஆளுக்கு எங்க போறது? உங்க பக்கத்து எருத்தேன்பதியில தேங்கா போடவே ஆள் கெடைக்கறதில்லை! அமெரிக்காவுலயே கோழிக்கு ஹார்மோன் குடுக்க அனுமதி இல்லைங்க.

அங்க மாட்டுக்குக் குடுப்பான், அது நெசம். காதுத் தோலுக்கடியில நெல்லளவு மாத்திரையைச் சொருகுவான். காது எதுக்குன்னா, அறுக்கறப்ப அதை வீசிப்போடலாம். மாத்திரை மிச்சம் கறியில சேராது. ஈஸ்ட்ரடியால், டெஸ்டோஸ்டிரோன், டிரென்போலோன்னு பேரு. அந்தக் கறி வேண்டாம்னு ஐரோப்பாக்காரன் 1989 ஜனவரி 1-லயே கதவைச் சாத்திட்டான். 1998-ல உலக வர்த்தக அமைப்பு அவனுக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லியும் தெறக்கலை. நமக்கு அந்த வம்பே கெடையாது. வெளிநாட்டு மாட்டுக்கறி உள்ள வரவே தடை.

நீங்க பயப்பட வேண்டியது ஆண்டிபயாட்டிக்குக்கு. கொலிஸ்டின்னு ஒண்ணு. வேற எதுக்கும் கேக்காத சீக்குக்கு ஆஸ்பத்திரியில கடைசியா ஏத்தற மருந்து. எடை ஏறோணும்னு அதைத் தீவனத்துல கலந்து கலந்து குடுத்தா, கிருமி பழகிப்போயி நாளைக்கு நமக்கு வேலை செய்யாது. அதனால 2019 ஜூலையில மத்திய அரசு கால்நடைக்கு அதைத் தடை பண்ணுச்சு. மத்த மருந்து குடுத்தாலும், நிறுத்தி இத்தனை நாள் கழிச்சுத்தான் விக்கோணும்னு கணக்கு இருக்குது. கடைக்காரன்கிட்ட அதைக் கேட்டீங்களா? "தோல் உரிச்சா, உரிக்காமயா"ன்னுதான கேக்கறீங்க!

பாலுக்கும் இதே பயந்தான். உங்க மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுல பால் டேங்கரை நிறுத்திச் சோதிக்கறாங்க, நல்லது. பால் சுரக்கோணும்னு மாட்டுக்குக் கெடுதலான ஊசி குத்தறது 1960-ஆம் வருசத்துச் சட்டப்படியே குத்தம். எல்லைக்கு அக்கட்டால குத்துனாலும் இக்கட்டால குத்துனாலும் குத்தந்தான். தமிழ்நாட்டு லாரியை மட்டும் மொறைச்சா ஆச்சா?

கோவிச்சுக்காதீங்க, இன்னொண்ணு கேக்கறேன். ஜிம்முக்குப் போன ரெண்டே மாசத்துல சட்டைக் கை பத்தலைன்னு என்ற தங்கச்சி சொல்லுது. பீரோவுல ஒரு சின்ன பாட்டிலாமே, டிரென்போலோன்னு எழுதி? அமெரிக்காக்காரன் மாட்டுக் காதுல சொருகற அதே சரக்குங்க! மாட்டுக்காவது வீசறதுக்குக் காது இருக்குது.

நாளைக்கே அந்தப் பாட்டிலைச் சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டக் காட்டுங்க. நோம்பிக்குப் பிராய்லரே எடுத்துட்டு வாங்க; நல்லா வேகவெச்சுத் திங்கலாம்.