எடை மெஷினுக்கு ஒரு புகழுரை

எடை மெஷினே, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு உன்னைப் போல் ஒரு துணை கிடையாது. டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வேண்டும். ரத்தம் கொடுக்க லேபுக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும். நீ கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறாய். காலையில் கால் வைத்தால் உடனே பதில். 120 கிலோ இருந்தவர் 85க்கு வந்ததை ஒரு நாளும் மறைக்காமல் சொன்னவன் நீ. சர்க்கரை மாத்திரை குறைந்ததும், மாடி ஏறினால் மூச்சு வாங்காததும், ராத்திரி குறட்டை நின்றதும் உன் எண்ணோடு சேர்ந்து வந்த நன்மைகள். அவற்றைக் கொண்டாடத்தான் வேண்டும்.

யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவன் நீ. குறைந்த கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டி ஒருவரையும் கலங்கடித்ததில்லை. எது குறைந்தாலும் உனக்குச் சந்தோஷம்தான். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டவிட்டு ஒரு பைபாஸ் செய்தார்களே, அப்போதும் நீ இப்படித்தான் முழு மதிப்பெண் கொடுத்தாய். எடை மளமளவென்று இறங்கியது. கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது, சத்துகள் வற்றின. கடைசியில் அந்த முறையையே மருத்துவர்கள் கைவிட்டார்கள். உன் கணக்கில் மட்டும் அது இன்றைக்கும் வெற்றிதான்.

இப்போதைய அறுவை சிகிச்சைகள் அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் இணைக்கிறார்கள். சாப்பிட்டது முன்சிறுகுடலைத் தொடாமலே இறங்கிவிடுகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அதுதான். ஸ்லீவ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். பி12ஐப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடிவரை கூட்டிப்போகும் புரதத்தைச் சுரக்கிற செல்களில் பெரும்பங்கு அதோடு போய்விடுகிறது. எடை இறங்குவதும் சத்து இறங்குவதும் ஒரே கத்தியின் வேலை. ஒன்றை நீ சொல்லிவிடுகிறாய். இன்னொன்றை ஊசி குத்தி ரத்தம் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்கு அடுத்தபடியாக நான் புகழ வேண்டியது கல்லீரலை. எவ்வளவு பெரிய மனசு அதற்கு! வரவு நின்றுபோனதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல், பழைய சேமிப்பை எடுத்தெடுத்துக் குடும்பம் நடத்தும் மூத்த பிள்ளை மாதிரி, சேர்த்துவைத்த பி12ஐக் கொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறது. முதல் வருடச் சோதனையில் பி12 பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இனி ஊசி எதற்கு, மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்களுக்குக் கல்லீரல் ஒரு சங்கடமும் கொடுக்காது. இரண்டு, மூன்று, நான்கு வருடம் கழித்து உள்ளங்கால் மரத்துப்போகும். பஞ்சில் நடப்பது போலிருக்கும். மறதி வரும். "வயசாகுதுல்ல" என்று சொல்லிக்கொள்வார்கள். நரம்பில் வந்த சேதம் நாள்பட்டுவிட்டால், பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்புமென்று உறுதி கிடையாது. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவரென்றால் சேமிப்பே மெலிவாக இருக்கும். கீரையிலும் பருப்பிலும் பி12 இல்லை.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன, பாராதைராய்டு. கடமை தவறாதவை. சாப்பாட்டிலிருந்து கால்சியம் சரியாக ஏறாவிட்டாலும், வைட்டமின் டி தாழ்ந்தாலும், ரத்தத்தில் கால்சியம் குறைய அவை விடுவதில்லை. எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல். நார்மல் என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! வைட்டமின் டியையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நார்மலுக்கு எலும்பு கொடுக்கும் விலை தெரியும். சேர்த்து எழுதிக்கொடுக்க ஒரு கை வேண்டும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் புகழாமல் விட்டுவிட முடியாது. ஃபோலேட்டைக் கண்டுபிடிக்க வழி திறந்தது நம் பம்பாயில்தான். கர்ப்பிணிகளின் ரத்தசோகையை அங்கே ஆராய்ந்த லூசி வில்ஸ், 1931இல் ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதை எழுதினார். எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து ஃபோலிக் ஆசிட். அதன் நல்ல குணம் என்னவென்றால், பி12 குறைந்ததால் வந்த சோகையையும் அது சரிசெய்துவிடும். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும். நரம்பு மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் பி12ஐ அளக்காமல் ஃபோலிக்கை மட்டும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

இவர்களைப் போல மறைத்துக் காப்பாற்றும் உறவு பி1க்கு, அதாவது தயமினுக்கு, யாருமில்லை. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் சிலருக்கு வாந்தி நிற்காது. அந்த வாரங்களில் நீ, எடை மெஷினே, என்றுமில்லாத உற்சாகத்தில் இருப்பாய். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது ஆகியவை வந்தால் அது மருத்துவர் வெர்னிக்கி 1881இலேயே எழுதிவைத்த மூளைக் கோளாறாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாத நிலை அது. தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். அவசரப் பிரிவில் யார் கையைப் பிடித்தாலும் முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு வயிற்றில் எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது" என்பதுதான். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாண வீட்டுச் சொந்தங்களின் அன்பு தனி. "பத்து வயசு குறைஞ்சிட்ட, என்ன சாப்பிடுற?" என்று கேட்கிற அத்தை, "எந்த மாத்திரையை நிறுத்தின?" என்று கேட்பதில்லை. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு வேகமாக வற்றும் என்பதும், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம் என்பதும், இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடும் டீயோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்பதும் பந்தியில் பேசுகிற விஷயமா?

மருத்துவமனைகளின் அக்கறையைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன் டயட்டீஷியன், மனநல மருத்துவர், இதய மருத்துவர், மயக்க மருந்து டாக்டர் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தேதி நெருங்க நெருங்க போன் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடத்துக்கொரு முறை ஆயுள் முழுக்க ரத்தம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொடுக்கும் தாளிலேயே அச்சாகியிருக்கும். ஐந்தாம் வருடம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாரும் போன் செய்வதைத்தான் காணவில்லை. வரவேற்பறைச் சுவரில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை மாட்டியிருக்கிறார்கள், எத்தனை கிலோ குறைந்தது என்று பெரிய எழுத்தில் போட்டு. அந்தப் படங்கள் அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த ஆளின் ஐந்தாம் வருட பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி, பாராதைராய்டு எண்களையும் அதே அளவு எழுத்தில், சோதித்த தேதியோடு, எழுதிப் போடட்டும்.